பதினோரு வரிசைக் கல்லும் ஒரு கட்டடக்காரனின் ஆங்கில நோட்டும்

இதற்கெல்லாம் காரணம் ஒரே ஒரு சொல். 'ப்ரிக்ளூட்'.

நான் சைட் சூப்பர்வைசர். பத்தாவது வரை தமிழ்வழி, அப்புறம் சிவில் டிப்ளமா, அதன்பின் இருபத்திரண்டு வருஷமாகச் சிமெண்டும் தூசியும்தான். டிராயிங் பார்க்கவும் பில் எழுதவும் வேண்டிய ஆங்கிலம் கைவசம் உண்டு. அதற்கு மேல் ஏறினால் மூச்சு வாங்கும். போன வருஷம் ஒரு வேலையில் கம்பி கட்டி முடித்துவிட்டு ஒப்புதல் கேட்டிருந்தோம். ஆலோசகர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. ஒப்புதல் உண்டு, ஆனால் அது மறு ஆய்வை 'டஸ் நாட் ப்ரிக்ளூட்' என்று கடைசியில் ஒரு வரி. இன்க்ளூட் தெரியும், எக்ஸ்க்ளூட் தெரியும், இதுவும் அந்தக் குடும்பம்தான் என்று நினைத்தேன். அதுவரை சரி. ஆக, ஒப்புதலில் மறு ஆய்வு சேராது, இனி யாரும் பார்க்க வரப்போவதில்லை என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு மறுநாள் விடிகாலையிலேயே காங்கிரீட் போட ஆரம்பித்துவிட்டேன். பத்து மணிக்கு அவர்கள் வந்து இறங்கியபோது ஸ்லாபில் முக்கால்வாசி மூடியாகிவிட்டது. 'மறு ஆய்வுக்கு இது தடையில்லை' என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தமாம். அப்புறம் ஸ்கேன் கருவி வாடகைக்கு எடுத்துக் கம்பி இடைவெளியை நிரூபித்தது, விளக்கக் கடிதம் எழுதியது, முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் தனிக் கதை.

அந்த வாரமே கைபேசியில் ஒரு சொற்பட்டியல் ஆப் இறக்கினேன். ஒரு நாளைக்கு இருபது சொல் வீதம் பன்னிரண்டு நாள் தாக்குப்பிடித்தேன். பதின்மூன்றாம் நாள் முதல் நாள் சொற்களைத் திரும்பக் கேட்டபோது மூன்றோ நான்கோதான் வாயில் வந்தன. மற்றவை எங்கோ பார்த்த முகங்கள் மாதிரி இருந்தன, பேர் வரவில்லை.

அக்கா மகள் எம்.ஏ. ஆங்கிலம் படிக்கிறாள். அவளிடம் புலம்பினேன்.

"லிஸ்ட்டெல்லாம் வேண்டாம் மாமா. போ படிங்க."

"எங்க போகச் சொல்ற?"

"ஐயோ, எட்கர் ஆலன் போ மாமா! கதை சின்னது, நெட்ல சும்மாவே கிடைக்கும். உங்களை மாட்டிவிட்ட சொல்லும் அதுல முதல் பக்கத்துலயே இருக்கு."

போ பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் திகில் கதைக்காரர். அவள் அனுப்பியது அவருடைய 'தி காஸ்க் ஆஃப் அமான்டிலாடோ'. 1846-இல் பிலடெல்பியாவிலிருந்து வந்த ஒரு பெண்கள் பத்திரிகையில் வெளியான கதை. பெண்கள் பத்திரிகையில் இதைப் போட்டார்களா என்று படித்து முடித்ததும் அசந்துபோனேன். ஒருத்தன் தன்னை அவமானப்படுத்தியவனுக்குக் குடிக்க ஊற்றிக் கொடுத்து, நிலவறைக்குக் கூட்டிப்போய், சங்கிலியில் மாட்டி, உயிரோடு சுவர் வைத்து அடைத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. சுவர் வைப்பதை வரிசை வரிசையாக எழுதியிருக்கிறார். எனக்கு வேறென்ன வேண்டும்?

முதல் வாசிப்பு படுதோல்வி. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று அகராதி பார்த்ததில், மொத்தமாகப் பத்துப் பக்கம்கூட வராத கதைக்கு மூன்று ராத்திரி போயிற்று. நோட்டில் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று எழுபத்தாறு சொல் எழுதினேன். ஆப் செய்த வேலையைத்தான் பேனாவால் செய்திருக்கிறேன் என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போனில் கேள்வி கேட்டபோது தெரிந்தது. எழுபத்தாறில் பதினொன்று சொன்னேன். ஆனால் அந்தப் பதினொன்றைப் பார்த்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. 'மேசன்', 'ட்ரவல்', 'டியர்' (கல் வரிசை), 'நைச்' (மாடம்), 'மார்ட்டர்' (கலவை) மாதிரித் தொழில் சொற்களை விடுங்கள், அவை ஏற்கெனவே தெரிந்தவை. புதிதாக நின்றவை ஐந்தோ ஆறோ. அத்தனையும் நான் கண்ணால் பார்த்த ஏதோ ஒன்றோடு ஒட்டிக்கொண்டவை.

உதாரணம் 'நைட்டர்'. நிலவறைச் சுவரெல்லாம் வெள்ளையாகப் படிந்து மின்னுகிறது, பாசி மாதிரித் தொங்குகிறது, நாம் இப்போது ஆற்றுப் படுகைக்குக் கீழே இருக்கிறோம், எலும்புகளுக்கு நடுவில் நீர் சொட்டுகிறது என்கிறான் கொலைகாரன். அகராதி வெடியுப்பு என்றது. சுவரில் உப்புப் பூத்திருக்கிறது, அவ்வளவுதானே! ஈரம் ஏறி, காய்ந்து, உப்பை மேலே தள்ளிவிட்டுப் போவது. நம்மூர்ச் சுவரில் பூக்கிற உப்பு வேறு ரகமாக இருக்கலாம், ஆனால் கூத்து ஒன்றுதான். மழைக்காலம் முடிந்ததும் வாடிக்கையாளர் போன் பண்ணித் திட்டுகிற அதே வெள்ளை. அந்தச் சொல்லை நான் மனப்பாடம் செய்யவே இல்லை.

அதனால் முறையை மாற்றினேன். வீட்டில் குவிந்துகிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை எழுதாத பக்கம் வருகிற மாதிரி வெட்டி அட்டைகளாக்கினேன். முதல் வாசிப்பில் அகராதியைத் தொடுவதே இல்லை. தெரியாத சொல்லுக்கு அடியில் பென்சில் கோடு மட்டும். இரண்டாம் வாசிப்பில் கோடு போட்டவற்றில் எட்டுப் பத்துச் சொல் மட்டும் எடுப்பது. அட்டையின் முன்பக்கம் கதையில் வந்த முழு வாக்கியம். பின்பக்கம் பொருள் எழுதக் கூடாது. நான் பார்த்த, தொட்ட ஒரு காட்சியைத் தமிழில் எழுத வேண்டும். காட்சி கிடைக்காவிட்டால் சொல்லைத் தள்ளிவிட வேண்டும். கடைசி விதிதான் கஷ்டமாக இருந்தது. காசு கொடுத்து வாங்கின சாமானைத் தூக்கிப் போடுவது மாதிரி மனசு கேட்காது.

இந்த முறையில் நின்ற முதல் சொல், என்னை மாட்டிவிட்ட சொல்லேதான். பழிவாங்குவது என்று அவ்வளவு உறுதியாகத் தீர்மானித்ததே, ஆபத்துக்கு இடம் கொடுக்கும் யோசனையை 'ப்ரிக்ளூட்' செய்துவிட்டது என்று முதல் பத்தியில் வருகிறது. லத்தீனில் இதற்கு வேர், மூடுவது, அடைப்பது. இன்க்ளூட் என்றால் உள்ளே வைத்து மூடு, எக்ஸ்க்ளூட் என்றால் வெளியே நிறுத்தி மூடு, ப்ரிக்ளூட் என்றால் வருவதற்கு முன்பே மூடு. மனிதரை ஒதுக்கி உட்காருகிற 'ரெக்ளூஸ்'கூட இந்த வீடுதான். ஒருவனை அடைத்து மூடும் கதையின் முதல் பத்தியிலேயே மூடுகிற சொல் வந்து உட்கார்ந்திருக்கிறது. போ வேண்டுமென்றே வைத்தாரா, தற்செயலா என்பதை அக்கா மகளின் பேராசிரியர்களுக்கு விட்டுவிடுகிறேன். என் அட்டையின் பின்பக்கம் எழுதியது: 'பத்து மணி. ஆய்வுக்கு ஆள் வந்தாயிற்று. ஸ்லாப் மூடியாயிற்று.'

அடுத்தது 'இம்ப்யூனிட்டி'. தண்டித்தால் மட்டும் போதாது, இம்ப்யூனிட்டியோடு தண்டிக்க வேண்டும் என்கிறான். அதாவது தனக்குத் திருப்பி அடி விழக்கூடாது. நம் ஒப்பந்தங்களில் வருகிற பெனால்ட்டியும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. இந்தப் பக்கம் முன்னால் 'இல்லை' சேர்ந்திருக்கிறது. பெனால்ட்டி கட்டாமல் தப்புவது என்று எழுதிக்கொண்டேன். கதையில் பாதி தூரம் போனதும் அந்தக் குடும்பத்தின் குலவாக்கியம் லத்தீனில் வருகிறது: என்னைச் சீண்டிவிட்டுத் தண்டனை இல்லாமல் யாரும் போனதில்லை என்று. அதற்குள்ளும் 'இம்பூனே' என்று அதே சொல் ஒளிந்திருந்தது. பழைய சுவரை இடிக்கும்போது உள்ளே கொத்தனார் பதித்த அடையாளக் கல் கிடைக்குமே, அந்த மாதிரி ஒரு சந்தோஷம்.

'இம்மொலேஷன்' விஷயத்தில் ஏமாந்தேன். செய்தித்தாளில் 'செல்ஃப் இம்மொலேஷன்' என்றால் தீக்குளிப்பு. ஆகவே கதையில், என் சிரிப்பு அவனுடைய இம்மொலேஷனை நினைத்துத்தான் என்று கொலைகாரன் சொன்னதும் கடைசியில் எரிக்கப்போகிறான் என்று காத்திருந்தேன். கையில் தீவட்டி வேறு இருந்தது. கடைசிவரை யாரும் எரியவில்லை! அகராதியைப் புரட்டினால், ரோமானியர்கள் பலி கொடுக்கிற மிருகத்தின் மேல் உப்புக் கலந்த மாவைத் தூவுவார்களாம், அந்த மாவின் பேரிலிருந்து வந்த சொல். முதல் அர்த்தம் பலி. நெருப்பு பின்னால் வந்து ஒட்டியது. எங்கள் ஊர்க் கருப்பசாமி கோயிலில் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு அது தலையை உலுக்குவதற்காகக் காத்திருப்பார்கள். உலுக்கினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். கதையில் அவன் கோமாளி உடையில், குல்லாயில் மணி குலுங்கக் குலுங்க, தானே முன்னால் நடந்து நிலவறைக்குள் போகிறான். அட்டையின் பின்பக்கம் 'மஞ்சள் தண்ணீர், மணிச் சத்தம்' என்று எழுதினேன். இன்றுவரை அந்தச் சொல் என்னை விட்டுப் போகவில்லை. கொஞ்சம் போனால்கூட நல்லது என்று சில ராத்திரிகளில் தோன்றுகிறது.

'ஃபெட்டர்' என்றால் விலங்கு. ஆங்கிலத்தில் இதற்குக் காலோடு உறவு, 'ஃபுட்' என்பதன் சொந்தக்காரச் சொல். பனை ஏறுகிறவர்கள் காலில் மாட்டுகிற தளை என்று சரியாகவே பிடித்தேன். ஆனால் கதையில் சங்கிலியைச் சுற்றுவது இடுப்பில். சொல் காலைச் சொல்கிறது, சங்கிலி இடுப்பில் இருக்கிறது. வேர் தெரிந்துவிட்டால் எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைக்காதே என்று அந்த அட்டையின் ஓரத்தில் சின்னதாக ஒரு குறிப்பு. 'பைப்' இன்னும் மோசம். ஒரு பைப் ஒயின் வந்திருக்கிறது என்றதும் குழாயில் ஒயின் எப்படி என்று குழம்பினேன். அங்கே பைப் என்பது பெரிய மரப்பீப்பாய், ஒரு முகத்தல் அளவு.

இப்போது சுவருக்கு வருகிறேன். சொற்களைவிட இதில்தான் அதிக நேரம் செலவழித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அடைக்கிற மாடம் நாலடி ஆழம், மூன்றடி அகலம், ஆறேழு அடி உயரம் என்று எழுதியிருக்கிறார் போ. ஏழாவது வரிசை முடிந்தபோது சுவர் கிட்டத்தட்ட நெஞ்சு மட்டத்துக்கு வந்துவிட்டது என்கிறார். கடைசி வரிசை பதினொன்றாவது. கல் அளவைச் சொல்லவே இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நெஞ்சு மட்டம் நாலடி சொச்சம். ஏழால் வகுத்தால் வரிசைக்கு ஏழு அங்குலம் வருகிறது. அதையே பதினொன்றால் பெருக்கினால் எழுபத்தேழு அங்குலம், ஆறரை அடிக்கு ஓர் அங்குலம் குறைவு. மாடத்தின் உயரத்துக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. மனுஷன் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார், அல்லது நல்ல கொத்தனார் யாரையாவது கேட்டிருக்கிறார். பச்சைச் சுவர்தானே, ஒரே ராத்திரியில் கலவை இறுகாது, ஓங்கி ஓர் உதை விட்டால் சரிந்துவிடுமே என்று எனக்கு முதலில் ஒரு சந்தேகம். நாலடி ஆழத்தில், பின்சுவரோடு இடுப்பில் கட்டிப்போட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். கால் எட்டாது.

அதே கதையில் 'மேசன்', அதாவது கொத்தனார், என்ற சொல்லை வைத்து ஒரு விளையாட்டு. நீ மேசனா என்று அடைபடப்போகிறவன் குடிபோதையில் கேட்கிறான். அவன் கேட்பது ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தை. ஆமாம் என்கிறான் கொலைகாரன். அடையாளம் காட்டு என்றதும் அங்கிக்குள்ளிருந்து 'ட்ரவல்' ஒன்றை எடுத்துக் காட்டுகிறான். கொத்தனாரின் கரணை! விளையாடுகிறாய் என்று அவன் இரண்டடி பின்வாங்கிவிட்டு, மேலே நடக்கிறான். எங்கள் மேஸ்திரியிடம் இந்த இடத்தை மட்டும் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "கரணையைப் பாத்தும் அவனுக்கு உறைக்கலையா சார்?" என்று கேட்டுவிட்டுத் தன் கரணையை ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஒரு கதை முடிந்ததும் எனக்குத் தோன்றியது, இந்த வகைக் கதைகளில் பாதி வேலை கட்டடம்தான் பார்க்கிறது. அக்கா மகளிடம், கட்டடம் வருகிற கதையாகப் பார்த்து அனுப்பு என்றேன். அவள் சிரித்தாள். எல்லாமே அதுதானாம்.

அடுத்து 1839-இல் வந்த 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்'. இது கஷ்டமான கதை. வாக்கியங்கள் மலைப்பாம்பு மாதிரி நீளம். ஆனால் கதைசொல்லி குதிரையை நிறுத்திவிட்டு வீட்டை வெளியிலிருந்து பார்வையிடும் பகுதி அச்சு அசல் சைட் இன்ஸ்பெக்‌ஷன். சுவர் முழுக்கப் பூஞ்சை, இறவாரத்திலிருந்து வலை மாதிரித் தொங்குகிறது. கல் ஒவ்வொன்றும் உதிர்கிற நிலையில் இருக்கிறது, ஆனால் கட்டு எங்கும் சரியவில்லை. கூரையிலிருந்து ஒரு 'ஃபிஷர்', மெல்லிய விரிசல், கோணல்மாணலாக இறங்கிக் குட்டைத் தண்ணீருக்குள் போய் மறைகிறது. தண்ணீர் ஓரத்துக் கட்டடத்தில் படிப்படியாக இறங்குகிற விரிசல் என்றால் அஸ்திவாரத்தில் ஒரு பக்கம் அமிழ்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். கடைசியில் வீடு அந்த விரிசல் வழியாகவே பிளந்து குட்டைக்குள் போவதைப் பேய் வேலை என்று மற்றவர்கள் படிக்கட்டும்.

அங்கேதான் 'ஸ்பீஷியஸ்' கிடைத்தது. காற்றோட்டமில்லாத நிலவறையில் பல வருஷம் கிடந்து உளுத்துப்போன பழைய மரவேலை, வெளியே பார்க்க முழுசாக இருக்கும். அந்தப் பொய்யான முழுமை என்று ஓர் உவமை. கரையான் அரித்த கதவு நிலையைப் பார்த்தவர்களுக்கு இது போதும். பெயிண்ட் பளபளவென்று இருக்கும், கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே போய்விடும். அட்டை எழுதினேன், மகிழ்ந்தேன், அதோடு நின்றிருக்கலாம். ஒரு வாரம் கழித்து ஒரு பூச்சு வேலையில் தட்டிப் பார்த்தால் இரண்டு இடத்தில் பொள்ளல் சத்தம் வந்தது. ஆலோசகருக்கு எழுதிய அறிக்கையில் 'தி பிளாஸ்டர் இஸ் ஸ்பீஷியஸ்' என்று போட்டுவிட்டேன். பதிலாக ஒரு கேள்விக்குறி மட்டும் வந்தது.

அக்கா மகளுக்குச் சிரிப்பு அடங்க இரண்டு நிமிஷம் ஆனது. "மாமா, இப்ப அதை வாதத்துக்குத்தான் சொல்லுவாங்க. கேட்கச் சரியா இருக்கும், உள்ள ஓட்டையா இருக்கும், அந்த மாதிரி வாதம். பிளாஸ்டருக்கு ஹாலோன்னு எழுதுங்க, போதும்."

அன்றிலிருந்து அட்டையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். கதை வந்த வருஷம், இன்றைக்கு அந்தச் சொல் எங்கே புழங்குகிறது, இரண்டும். இந்தக் கட்டம் இல்லாமல் பழைய கதையிலிருந்து சொல் எடுப்பது, இடித்த வீட்டுக் கம்பியை நிமிர்த்திப் புது ஸ்லாபுக்குக் கட்டுவது மாதிரி. சிலது தாங்கும். எது தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும்.

கட்டம் போட ஆரம்பித்ததும் இன்னொரு சுவாரசியம் கிடைத்தது. அஷர் வீட்டுக் குட்டையைப் போ 'லூரிட்' என்கிறார். 1892-இல் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் எழுதிய 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையில் சுவர்க் காகிதத்தின் நிறம் சில இடத்தில் மங்கலான, ஆனாலும் 'லூரிட்' ஆரஞ்சு. இன்றைய பத்திரிகையில் கொலை வழக்கின் 'லூரிட்' விவரங்கள். கறுத்த குட்டை, கண்ணை உறுத்தும் ஆரஞ்சு, அருவருக்கிற பத்திரிகைச் செய்தி, மூன்றுக்கும் ஒரே சொல்லா? லத்தீனில் ஆரம்பம் நோயாளியின் முகத்தில் தெரிகிற வெளிறிய மஞ்சள். பழைய சுவரைச் சுரண்டினால் மேலே ஊதா, அதற்கடியில் பச்சை, அடியில் மஞ்சள் காவி என்று வருமே, அப்படி அடுக்கடுக்காக ஒரு சொல்.

கில்மன் கதையைப் பற்றி ஒரு வார்த்தை. பேயே இல்லாத கதை. நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி ஒரு பெண்ணை மாடி அறையில் ஓய்வெடுக்கச் சொல்கிறான் மருத்துவனான கணவன். எழுதக்கூடாது, யோசிக்கக்கூடாது. கில்மனே 1887-இல் ஒரு பெயர்பெற்ற மருத்துவரிடம் அந்த ஓய்வு சிகிச்சைக்குப் போய்ப் பட்டவர். கதையில் அவள் அறையை வர்ணிப்பதை நான் என் பழக்கத்தில் படித்தேன்: ஜன்னலில் கம்பி, சுவரில் வளையங்கள், தரையோடு ஆணியடித்த கட்டில், அங்கங்கே தோண்டிய பூச்சு. குழந்தைகள் அறையாக இருந்திருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் அது குழந்தைகள் அறை இல்லை என்று சொல்லிவிடுவான். தன்னைப் பற்றி அவள் 'க்வெருலஸ்' ஆகிவிட்டேன் என்று எழுதுகிறாள். க்வெரி என்றால் கேள்வி, ஆகவே கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று அட்டை எழுதினேன். தப்பு. இதன் சொந்தம் க்வாரல், சண்டை; குறைசொல்லிச் சிணுங்குவது என்று பொருள். முதலில் எழுதிய அட்டையைக் கிழிக்க மனமில்லாமல் வைத்திருக்கிறேன். அவள் கேட்ட கேள்விகளைத்தான் சிணுங்கல் என்று அந்த வீட்டில் எடுத்துக்கொண்டார்கள் என்பது மூன்றாம் தடவை படித்தபோது புரிந்தது.

தப்பைக் கதையே திருத்திவிட்ட இடமும் உண்டு. 1843-இல் வந்த 'தி டெல் டேல் ஹார்ட்' கதையில் கிழவரைக் கொன்றவன் தரைப் பலகை மூன்றைப் பெயர்த்து, 'ஸ்கான்ட்லிங்'களுக்கு நடுவில் உடலை வைத்து மூடிவிடுகிறான். அடியில் தாங்குகிற சட்டங்கள். போலீஸ் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறது. இவனுக்கு மட்டும் தரைக்கடியில் இதயம் அடிக்கிற சத்தம். கடைசியில் கத்துகிறான்: வில்லன்களே, இனி 'டிஸ்ஸெம்பிள்' செய்யாதீர்கள், பலகையைப் பிடுங்குங்கள்! சென்ட்ரிங் பிரிப்பதை நாங்கள் 'டிஸ்அஸெம்பிள்' என்று சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள். கழற்றாதீர்கள், பிடுங்குங்கள் என்று எப்படி ஒரே மூச்சில் சொல்லுவான்? அங்கேயே நின்று யோசித்தேன். அவன் கண்ணுக்கு, போலீஸ்காரர்கள் எல்லாம் தெரிந்தும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். நடிக்காதீர்கள் என்கிறான். அகராதி பார்ப்பதற்கு முன்னாலேயே சரியாகப் பிடித்த முதல் சொல் இதுதான். அன்றைக்கு எனக்கு நானே ஒரு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

அதே வருஷத்துக் கதை 'தி பிளாக் கேட்'. முதல் வாக்கியத்திலேயே, தான் சொல்லப்போவது மிக விபரீதமான, ஆனாலும் மிக 'ஹோம்லி'யான கதை என்கிறான். நம்மூர்க் கல்யாண விளம்பரத்தில் ஹோம்லி என்றால் குடும்பப் பாங்கு. அமெரிக்காவில் இன்றைக்கு ஒரு பெண்ணை ஹோம்லி என்றால் அழகில்லாதவள் என்று அர்த்தம், அடிக்க வருவார்கள் என்றாள் அக்கா மகள். போ சொல்வது வீட்டில் நடக்கிற சாதாரண விஷயம் என்ற பழைய அர்த்தத்தில். அப்படிப் பார்த்தால் நம் விளம்பரக்காரர்கள்தான் போவுக்கு நெருங்கிய சொந்தம். இந்தக் கதையிலும் கொலை, மறுபடியும் சுவருக்குள் பிணம். நிலவறையில் அடைத்துவிட்ட பழைய அடுப்பு மாடத்தின் செங்கல்லைக் கடப்பாரையால் நெம்பி எடுத்து, உடலை உள்ளே வைத்து, சுண்ணாம்பு, மணல், முடி மூன்றையும் சேர்த்துப் பழைய பூச்சோடு வித்தியாசம் தெரியாத அளவுக்குப் பூசுகிறான். முடியா என்று அக்கா மகள் முகம் சுளித்தாள். நம்மூரில் கடுக்காய்த் தண்ணியும் கருப்பட்டியும் சேர்த்த மாதிரி, அந்த ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சில் வெடிக்காமல் பிடிப்பதற்கு மிருகங்களின் முடியைச் சேர்ப்பார்கள். அவளுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்லிக்கொடுத்த ஒரே ஞாயிற்றுக்கிழமை அது.

மற்றவை வேகமாகப் போயின. வாஷிங்டன் இர்விங்கின் ஸ்லீப்பி ஹாலோ கதையில், சந்தை நாளில் புருஷன்மார் சாராயக்கடையிலேயே தங்கிவிடுகிற 'இன்வெட்டரேட் ப்ரொபென்சிட்டி'யால் அந்த ஊருக்கு, தங்கல் என்ற பொருள் வருகிற மாதிரி, டாரி டவுன் என்று பொண்டாட்டிகள் பேர் வைத்தார்களாம். ஊறிப்போன பழக்கம். சனிக்கிழமை கூலி கொடுத்துவிட்டு ஞாயிறு ஆளைத் தேடுகிறவனுக்கு அட்டையே தேவையில்லை. ஆம்ப்ரோஸ் பியர்ஸின் தூக்குக் கதை ரயில் பாலத்தில் நடக்கிறது. அதிலிருந்து மூன்றே அட்டை, ஆனால் கதை என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. ஹாதோர்னின் 'யங் குட்மன் பிரவுன்' எனக்கு ஏறவில்லை. வீடு பேருக்குத்தான் வருகிறது, மற்றபடி காடு.

ஐந்து மாதத்தில் எட்டுக் கதை, அறுபத்தோரு அட்டை. எழுபத்தாறு சொல்லை மூன்று ராத்திரியில் எழுதியவனுக்கு இது குறைச்சலாகத்தான் தெரிந்தது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமைக் கணக்கில் ஐம்பத்து நாலு நின்றது. உச்சரிப்புக்கு லிப்ரிவாக்ஸ் இணையதளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த ஒலிப்பதிவுகளைச் சைட்டுக்குப் போகிற பேருந்தில் கேட்கிறேன். போன வாரம் ஆலோசகரிடமிருந்து வந்த கடிதத்தில் எங்கள் கிடங்குக்கு 'அன்ஃபெட்டர்ட் ஆக்ஸெஸ்' வேண்டும் என்று இருந்தது. அகராதியை எடுக்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சாவிக்கொத்தை அவர்களிடமே கொடுத்துவிடச் சொன்னேன்.

ஒரு பக்கவிளைவு மட்டும் தீரவில்லை. பிளாக் கேட் கதையில் நாலாம் நாள் போலீஸ் நிலவறையைச் சோதித்துவிட்டு ஒன்றும் கிடைக்காமல் கிளம்புகிற நேரம், கொலைகாரன் 'ப்ரவாடோ' தாங்காமல், வெற்று வீறாப்பில், இந்தச் சுவர் எவ்வளவு உறுதி பாருங்கள் என்று கைத்தடியால் ஓங்கித் தட்டுவான். உள்ளிருந்து குழந்தை அழுகிற மாதிரி ஒரு குரல் பதில் சொல்லும். பூச்சு முடிந்த சுவரைக் கம்பால் தட்டிப் பார்ப்பது என் தினசரி வேலை. நேற்று மாடிப்படி ஓரம் புதுப் பூச்சைத் தட்டப்போனவன், கம்பை ஓங்கிவிட்டு, பிறகு மெதுவாக இறக்கி, விரல் கணுவால் லேசாகத் தட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டேன். மணல் சலித்துக்கொண்டிருந்த சித்தாள் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தது.

"என்ன சார், உள்ள யாராச்சும் இருக்காங்களா?"